காரணம் எழுதும் கட்டம்

மணி பன்னெண்டு நாப்பது. ஒண்ணேகாலுக்குத்தான் கோகிலாவுக்குச் சாப்பாட்டு இடைவேளை. முப்பத்தஞ்சு நிமிஷம் முன்னாடியே வந்து எதுக்கு நிக்கறேன்னா, வீட்ல உக்கார முடியல, அவ்வளவுதான். அவ வேலை செய்யற பல் ஆஸ்பத்திரி வாசல்ல காரை நிறுத்தி இஞ்சினை அணைச்சா வேகுது, போட்டா இரையுது. கண்ணாடி முழுக்க மஞ்சளா பைன் மரத்து மகரந்தம், வைப்பரைப் போட்டதும் அது மாவாட்டம் அப்பிக்கிச்சு, இப்ப வெளிய பாதி தெரியுது பாதி தெரியல. ஏப்ரல் வந்தா இந்த வட கரோலினால மனுசன் தும்மியே சாகணும். பக்கத்து சீட்ல பழுப்பு உறை. அதுக்குள்ள ஆறு காகிதம். சாயங்காலம் அஞ்சு மணிக்குள்ள தபாலாபீஸ் முத்திரை அது மேல விழணும், ஏன்னா இன்னிக்கு ஏப்ரல் பதினஞ்சு, தப்பாக் கட்டின வரியைத் திருப்பிக் கேக்க மூணு வருசம்தான் தவணை, அந்த மூணு வருசம் இன்னிக்கு முடியுது. கம்ப்யூட்டர்ல அனுப்பலாம்னா அவ்வளவு பழைய வருசத்துக்கு வழியில்ல, காகிதம்தான், பேனாவுலதான் கையெழுத்து. என் கையெழுத்து காலையிலேயே போட்டுட்டேன். புருசன் பொண்டாட்டி சேர்ந்து கட்டின வரி, அதனால அவ கையெழுத்தும் வேணும். ஒரு வாரமா ஒரே வீட்ல இருந்தோம், ஒரே சோத்தைத் தின்னோம், அப்பெல்லாம் வாங்கியிருக்கலாம். வாங்கல. கையெழுத்துக் கேட்டா என்னத்துக்குன்னு கேப்பா. என்னத்துக்குன்னு சொல்லணும்.

கடைவாய்ல அந்தப் பல்லு மறுபடி விண்ணுனு இழுக்குது. நாக்கு சும்மா இருக்க மாட்டேங்குது, போயிப் போயி அங்கயே தொடுது. தீபாவளிக்கு முறுக்குக் கடிச்சப்ப விரிசல் விட்டது. பல் ஆஸ்பத்திரில பொண்டாட்டி வேலை பாக்கறா, ஆறு மாசமா வாயைப் பொத்திக்கிட்டுத் திரியறேன், எனக்கு நானே சிரிச்சுக்கலாம். அவளும் ரெண்டு தடவை சொன்னா, "ஏனுங்க, வந்து காட்டுங்க"னு. பாக்கலாம்னேன். மூணாந் தடவை அவ சொல்லல. அவ வழக்கமே அதுதான், ரெண்டு தடவைக்கு மேல எதையும் சொல்ல மாட்டா. வரி விசயத்துல ஒரே ஒரு தடவைதான் சொன்னா. அதை நினைக்கக் கூடாதுன்னுதான் உறையைத் தொறந்து மறுபடி காகிதத்தை எண்ணறேன். ஆறு இருக்குது. காலையிலிருந்து பன்னெண்டு தடவை எண்ணியாச்சு.

இதுல என்ன பெரிய கம்பசூத்திரம் இருக்குதுன்னு எவனாவது கேட்டா பதில் சொல்லவே வெக்கமா இருக்குது. ராத்துனு ஒரு ஓய்வுக்காலக் கணக்கு, அதுல போட்ட காசு வளந்து வயசானதும் எடுக்கறப்ப வரி கிடையாது. சம்பளம் ஒரு அளவைத் தாண்டிட்டா அதுல நேரா போட விடமாட்டான். அதனால பின்வாசல். மொதல்ல சாதா ஓய்வுக் கணக்குல போடு, ரெண்டு நாள் கழிச்சு அதை ராத்துக்கு மாத்து. பேருதான் பின்வாசல், சட்டப்படி சரியான வழி. போட்ட காசு ஏற்கனவே சம்பளத்துல வரி புடிச்ச காசு. அதை "இது வரி கட்டின காசுதாஞ்சாமி"னு சொல்றதுக்குன்னே ஒரு ஃபாரம் இருக்குது, 8606. அதை வெச்சாப் போதும், மாத்தினதுக்கு வரி இல்ல. வெக்காம விட்டா, மாத்தின ஆறாயிரமும் புதுசா வந்த வருமானம்னு எடுத்துக்கிட்டு மறுபடி வரி போட்டுருவான். அவ்வளவுதான். ரெண்டு பக்கக் காகிதம். வரி சாப்ட்வேர் அதைத் தானாப் போட்டுத் தரும், நாம போட்ட காசை அதுகிட்டச் சொன்னா. அந்தக் கேள்வியைக் கொண்டு போயி வரிக் கழிவுகள் பகுதியில வெச்சிருந்தான். நமக்குத்தான் சம்பளம் ஜாஸ்தி, கழிவு கிடையாதே, அங்க எதுக்குப் போகணும்னு அந்தப் பகுதியையே தாண்டு தாண்டுன்னு தாண்டினேன். நான் தாண்டினது பத்தாதுன்னு அஞ்சு குடும்பத்தையும் தாண்ட வெச்சேன். முட்டாப்பய, முட்டாப்பய.

அது ஒரு வழக்கமாயிருச்சு எங்களுக்கு. பிப்ரவரி கடைசிச் சனிக்கிழமை அஞ்சு குடும்பமும் லேப்டாப்பைத் தூக்கிக்கிட்டு எங்க வீட்டுக்கு வந்துருவாங்க. எல்லாம் ஈரோடு, தாராபுரம், காங்கயத்துச் சனம். "நாச்சியண்ணன் இருக்கறப்ப அக்கவுண்டண்டுக்கு எதுக்குத் தெண்டம்"னு ஆரம்பிச்சது. டிவியில என் திரையைப் போட்டு நான் ஒவ்வொரு பக்கமாப் போவேன், அவங்க பின்னாலயே வருவாங்க. கோகிலா பள்ளிபாளையம் சிக்கன் செய்வா. நாச்சிமுத்துங்கற பேரை ஆபீஸ்ல ஒருத்தனுக்கும் சொல்ல வராது, மீட்டிங்குல வாயத் தொறந்தா மூணு நிமிசத்துல இன்னொருத்தன் புடுங்கிக்குவான், ஆனா அந்தச் சனிக்கிழமை ஒரு நாள் பத்து பேர் நான் சொல்ற பட்டனை அமுக்குவாங்க. எனக்கு அது புடிச்சிருந்தது. இப்பச் சொல்றதுல என்ன, ரொம்பவே புடிச்சிருந்தது. வருசம் முழுக்க அதுக்குன்னே யூடியூப் பாத்துக்கிட்டிருந்தேன்.

மூணு வருசம் முன்னாடி அப்படி ஒரு சனிக்கிழமை, அவ சிக்கன் சட்டியை மேசையில வெச்சுட்டு டிவியைப் பாத்துக்கிட்டு நின்னா. துடைக்கிற துணி தோள் மேல கிடந்தது. பல் ஆஸ்பத்திரி வேலையில சேர்ந்து ஆறு மாசம்தான் இருக்கும், இன்சூரன்ஸ் பில் பாக்கற வேலை, ஒரே பல்லுக்கு ரெண்டு பில்லு போயிருச்சான்னு நாள் பூரா தேடற வேலை. "ஏனுங்க, இது சம்பளத்துல வரி புடிச்ச காசுதானுங்களே, மறுபடி எதுக்கு வருமானத்துல காட்டுது?" அவ்வளவுதான் கேட்டா. கொரலை ஒசத்தக்கூட இல்ல. பத்து பேரும் என்னைப் பாத்தாங்க. எனக்குப் பதில் தெரியல. தெரியலைன்னு ஒரு வார்த்தை சொல்லியிருந்தா, பாக்கறேன்னு சொல்லியிருந்தா, இன்னிக்கு இந்த மகரந்தத்துக்குள்ள உக்காந்திருக்க மாட்டேன். "பின்வாசல்ல போறதுன்னா சுங்கம் கட்டித்தான் ஆகணும்"னேன். சுங்கமாம். எங்கிருந்துதான் வாயில வந்துச்சோ. அதோட விட்டேனா. "நீ பல்லுக் கணக்கைப் பாரு, பணக் கணக்கை நான் பாத்துக்கறேன்"னேன். சிரிச்சாங்க. யோகநாதன் சிரிச்சான், மத்தவங்களும் சிரிச்சாங்க, நானும் சிரிச்சேன். அவளும் சிரிச்சாப்புலதான் இருந்தது. துணியை எடுத்து மேசையில ஒண்ணுமில்லாத எடத்தைத் துடைச்சுட்டு உள்ள போயிட்டா. அதுக்கப்புறம் மூணு வருசம், இந்த வீட்டுக் காசு எங்க போகுது எங்க வருதுன்னு ஒரு வார்த்தை கேட்டதில்ல. வரிக் காகிதம் நீட்டினா, "எங்கீங்க?"னு கேப்பா, வெரலை வெச்சுக் காட்டுவேன், போட்டுட்டுப் போயிருவா. அதை நான் நிம்மதின்னு நினைச்சேன் பாருங்க.

மணி பன்னெண்டு அம்பத்தெட்டு. ஆஸ்பத்திரிக் கதவைத் தொறந்துகிட்டு ஒரு கெழவர் கன்னத்தைப் புடிச்சபடி வர்றார். என் நாக்கு மறுபடி அங்க போகுது. இந்த வருசம் பிப்ரவரில கூட்டம் கூடல, போன வாரந்தான் நான் தனியா உக்காந்தேன், சாப்ட்வேரை மாத்தலேன்னா இது தெரிஞ்சே இருக்காது. பழைய கம்பெனி வெலையை ஏத்திட்டான்னு வேற ஒண்ணு வாங்கினேன், அதுல மொத கேள்வியே, மாத்தின இந்தக் காசுல ஏற்கனவே வரி கட்டினது உண்டா. என்னடா இதுன்னு ஆமான்னு தட்டினேன். திரையோரத்துல ஓடற நம்பர் மூவாயிரத்து முன்னூத்தி அறுபது ஏறிருச்சு, நமக்கு வர வேண்டிய பக்கமா. மொதல்ல சந்தோசப்பட்டேன். அரை நிமிசம் இருக்கும். அப்ப போன வருசமெல்லாம் இதை எங்க கேட்டான்? பழைய வருசங்களைத் தொறந்து பாத்தேன், ஒண்ணுலயும் 8606 இல்ல. மூணு வருசம், ரெண்டு பேரு, ஆறு தடவை ஒரே காசுக்கு ரெண்டு வரி. அப்பெல்லாம் போட விட்ட தொகை இந்த வருசத்தைவிடக் கம்மி, கூட்டினா ஒம்பதாயிரத்துக்கு நூத்திருபது கொறைவு. பின்னாடி ரெண்டு வருசத்தையும் மெதுவாத் திருத்திக்கலாம். மொத வருசந்தான் இன்னிக்கு விட்டாப் போச்சு. எங்க வீட்டோட நின்னாக்கூடத் தாங்கிக்கலாம். அஞ்சு வீடு. அவங்களும் என் பட்டனைத்தானே அமுக்கினாங்க. தெரிஞ்சு ஒரு வாரமாகுது, ஒருத்தருக்கும் நான் சொல்லல. வாட்சப் குரூப்புல எழுதறேன், அழிக்கறேன். "நண்பர்களே, ஒரு சிறு திருத்தம்"னு ஆரம்பிச்சேன் ஒரு தடவை. எது சிறுசு. அவங்களுக்கும் இன்னிக்குத்தான் கடைசி நாள், நாலு மணி நேரந்தான் இருக்குது, இன்னும் வாயத் தொறக்காம இங்க உக்காந்து பல்லை நக்கிக்கிட்டிருக்கேன். இதுக்குப் பேரு என்னன்னு எனக்குத் தெரியும். கோழைத்தனம்.

திருத்தற ஃபாரத்துல கடைசிப் பக்கம் ஒரு கட்டம் இருக்குது. ஏன் திருத்துறீங்க, காரணத்தை எழுதுங்கன்னு. நம்பரெல்லாம் பத்து நிமிசத்துல போட்டுட்டேன், அந்தக் கட்டத்துக்கு நாலு நாள் ஆச்சு. சாப்ட்வேர்ப் பிழைன்னு எழுதினேன், சாப்ட்வேர் கேட்டுச்சே, நான்தானே தாண்டினேன். ஓய்வுக் கணக்கை வெச்சிருக்கற ஃபண்டு கம்பெனி அனுப்பின சீட்டு தெளிவா இல்லேன்னு எழுதினேன், அதுல வரி எவ்வளவுன்னு நாங்க முடிவு பண்ணலைன்னு ஒரு கட்டத்துல டிக்கே அடிச்சிருந்தான், மூணு வருசமா நான்தான் பாக்கல. கடைசியில நெட்ல நாலு பேர் எழுதறதைப் பாத்து, படிவம் 8606 கவனக்குறைவால் இணைக்கப்படாமல் விடுபட்டதுன்னு இங்கிலீசுல ஒரு வரி அடிச்சு பிரிண்ட் எடுத்தாச்சு. கவனக்குறைவு நல்ல வார்த்தை. யாரையும் குத்தம் சொல்லாது. ஒரு குடையை பஸ்ல விட்டாப்புல. அவ இதைப் படிக்கப் போறதில்ல, எங்கீங்கன்னு கேப்பா, வெரலை வெப்பேன், போட்டுட்டுச் சாப்பாட்டுக்குப் போயிருவா. படிக்க மாட்டா. படிச்சா என்ன சொல்லுவா. ஒண்ணும் சொல்லாம இருந்தாத்தான் எனக்குப் பயம்.

ஒண்ணேகாலுக்கு வந்தா. கையில டிபன் டப்பா, கழுத்துல அடையாள அட்டை, மேல கிராம்பு எண்ணெய் வாசம். கார்ல ஏறினதும் உறையை மடியில எடுத்து வெச்சுக்கிட்டு, "என்னங்க, திடீர்னு? போன்ல ஒண்ணுஞ் சொல்லல நீங்க"ன்னா. ஒரு கையெழுத்துன்னேன். "எங்கீங்க?" அந்த வார்த்தையைக் கேட்டதும் நெஞ்சு அப்பாடான்னுச்சு. வெரலை நீட்டினேன். பேனாவை வாங்கினவ போடல. ஒவ்வொரு காகிதமாத் திருப்ப ஆரம்பிச்சா. பில்லு பாக்கற மாதிரியே, மேலிருந்து கீழ, ஆள்காட்டி வெரலால. ஒரு காகிதத்துல நின்னா. "இதுல என்ற பேரு மட்டும் இருக்குது?" ஆமா, ஓய்வுக் கணக்கு தனித்தனிதான், 8606 ஆளுக்கொண்ணுன்னேன். "இப்படி ஒண்ணு என்ற பேர்ல இருக்கறதே எனக்குத் தெரியாது"ன்னா. அப்புறம் இந்தப் பக்கம் அந்தப் பக்கம்னு ரெண்டு நம்பரை மாத்தி மாத்திப் பாத்தா. "அந்தச் சுங்கமா?"ன்னு கேட்டா.

மூணு வருசம். மறந்திருப்பான்னு நினைச்சேன். ஆமான்னேன். நீ கேட்டதுதான் சரி, சுங்கமும் இல்ல ஒண்ணும் இல்ல, நான்தான் தெரியாம உளறினேன்னு சொன்னேன், ஒவ்வொரு வார்த்தையும் அந்தப் பல்லு மேல ஏறி ஏறி வந்துச்சு. அவ கடைசிப் பக்கத்துக்குப் போயி அந்தக் கட்டத்தைப் படிச்சா. மறுபடி படிச்சா. "கவனக்குறைவா? இல்லீங்களே"ன்னா. "கவனமாத்தானே விட்டீங்க." எனக்குச் சுருக்குனு கோவம் வந்துருச்சு, கோவம்தானே மொதல்ல வரும் எனக்கு. எல்லாரும் அப்படித்தான் எழுதறாங்க, இது ஒரு சம்பிரதாயம், படிக்கறவன் எவனோ ஒரு கிளார்க்கு, அவனுக்கு நம்ம வீட்டுக் கதை எதுக்குன்னு கத்தினேன். அவ கத்தல. கையெழுத்துக்கு மேல இருந்த பொடி எழுத்தைக் காட்டி, "எனக்குத் தெரிஞ்ச வரைக்கும் இதுல இருக்கறது அத்தனையும் உண்மை, பொய்யின்னாத் தண்டனைன்னு போட்டிருக்குது. எனக்குத் தெரியுமேங்க இது உண்மை இல்லேன்னு. நான் அங்கயே நின்னனே"ன்னா. பேனாவை மூடி காகிதத்து மேல வெச்சுட்டு டிபன் டப்பாவைத் தொறந்தா. தக்காளிச் சாதம். ஒரு வாய் சாப்பிட்டா. மணி ஒண்ணு இருபத்தெட்டு.

என்ன எழுதறதுன்னு கேட்டேன். நாலு நாளா என்னையே கேட்டுக்கிட்டிருந்த கேள்வி, இப்பத்தான் இன்னொருத்தர்கிட்டக் கேக்கறேன். "நடந்ததை எழுதுங்க"ன்னா, வாயில சோறோட. அடிச்ச வரிக்குக் குறுக்க ஒரு கோடு போட்டேன். உறையை ஸ்டியரிங் மேல வெச்சு, அது மேல காகிதத்தை வெச்சு, பேனாவுல எழுதினேன். கேள்வியை நானாகத்தான் தாண்டிவிட்டேன். வரி இரண்டு முறை விழுகிறதே என்று என் மனைவி அப்போதே கேட்டார். நான் கேட்டுக்கொள்ளவில்லை. இங்கிலீசுல எழுதறதால கொஞ்சம் லேசா இருக்கும்னு பாத்தேன், இல்ல. இதைப் படிக்கற அந்த கிளார்க்கு பக்கத்து மேசைக்காரனைக் கூப்பிட்டுக் காட்டிச் சிரிக்கட்டும். அவகிட்டக் குடுத்தேன். வெரலைத் துடைச்சுட்டு வாங்கிப் படிச்சா, மடியில வெச்சுக் கையெழுத்துப் போட்டா, தேதியும் போட்டா. எங்கன்னு கேக்கல. "அவங்களுக்குச் சொல்லிட்டீங்களா? அவங்களுக்கும் இன்னிக்குத்தானே?"ன்னா.

அன்னிக்குப் பேசினது இந்தக் காருக்குள்ள இல்ல, அஞ்சு குடும்பத்துக்கு முன்னாடி. அதை அவ சொல்லல, சொல்லத் தேவையுமில்ல. போனை எடுத்தேன். இந்தத் தடவை நண்பர்களேன்னு ஆரம்பிக்கல. மூணு வருசம் முன்னாடி எங்க வீட்ல கோகிலா கேட்டது சரி, நான் சொன்னது தப்பு, அவளை அப்படிப் பேசினதும் தப்பு, 8606 இல்லாமப் போட்டிருந்தா மொத வருசத்தைத் திருத்த இன்னிக்குக் கடைசி, என்னால வந்த வினை, என்ன உதவி வேணும்னாலும் உடனே கூப்பிடுங்க. அழிக்கறதுக்கு முன்னாடி அமுக்கிட்டேன். அஞ்சு பேரும் இப்ப ஆபீஸ்ல, போனைப் பாப்பாங்க, கணக்குப் போடுவாங்க, ஆளுக்கு எவ்வளவு, எவன் மொதல்ல திட்டுவான். நாக்கு பல்லுகிட்டப் போச்சு. கோகிலா டப்பாவை மூடிக்கிட்டிருந்தா. போன் டிங்குனுச்சு.

யோகநாதன் பொண்டாட்டி சரண்யா. நான் தொட மாட்டாம இருந்ததைப் பாத்து கோகிலாதான் எடுத்துச் சத்தமாப் படிச்சா. "அண்ணா, சங்கடப்படாதீங்ணா. அன்னிக்கு கோகிலாக்கா கேட்டதும் எங்களுக்குச் சந்தேகம் வந்து, வீட்டுக்குப் போற வழியிலயே போன்ல பேசிக்கிட்டோம்ங்ணா. ஒரு அக்கவுண்டண்டுகிட்டக் கேட்டோம், அக்கா சொன்னதுதான் சரின்னாங்க. அஞ்சு வீட்லயும் அந்த வாரமே சரியாப் போட்டுட்டோம். அப்புறம் வந்த வருசமும் அப்படித்தான். உங்ககிட்டச் சொல்லத்தான் தயக்கமா இருந்துச்சு. நீங்களும் அக்காவைக் கேட்டு மாத்தியிருப்பீங்கன்னே நினைச்சோம்ங்ணா." அதுக்குக் கீழ யோகநாதன் கும்புடற கை ஒண்ணு போட்டிருந்தான். இன்னொருத்தனும் ஒரு கை. அப்ப, மூணு பிப்ரவரி. வந்தாங்க, உக்காந்தாங்க, நான் சொன்ன பட்டனையெல்லாம் அமுக்கினாங்க, சிக்கன் தின்னாங்க, அண்ணா உங்களால எவ்வளவு மிச்சம்னாங்க, வீட்டுக்குப் போயி அழிச்சுட்டு அவ சொன்னபடி போட்டாங்க. தப்பாக் கட்டினது ஒரே ஒரு வீடுதான். ஒரு வாரமா நான் செத்துச் செத்துப் பொழைச்சது யாருக்காகன்னு நினைச்சா அழுகை வருது, சிரிப்பும் வருது, எது வந்தாலும் பல்லுதான் வலிக்குது.

கோகிலா போனை என் மடியில வெச்சா. அவளுக்கும் இது தெரியாது, அவ மூஞ்சியிலேயே தெரிஞ்சுது. அந்த மஞ்சக் கண்ணாடியவே பாத்துக்கிட்டு, "நான் சொன்னது அஞ்சு வீட்டுக்கும் காதுல விழுந்திருக்குதுங்க"ன்னா. "பக்கத்துல நின்ன உங்களுக்குத்தான் விழல." கண்ணு கலங்கியிருந்தது, கொரல் கலங்கல. அவ உறையோட பசையை நக்கி ஒட்டி, ஓரத்தை நகத்தால ரெண்டு தடவை அழுத்தித் தேய்ச்சு என்கிட்டக் குடுத்துட்டு எறங்கினா. கதவைச் சாத்தறதுக்கு முன்னாடி குனிஞ்சு, "போஸ்ட் பண்ணிட்டு நாலு மணிக்கு இங்க வாங்க, டாக்டருக்கு அப்ப ஆளில்ல, அந்தப் பல்லைக் காட்டிரலாம்"னா. இது மூணாந் தடவை. வர்றேன்னேன். அவ உள்ள போற வரைக்கும் பாத்துட்டு, எறங்கி, தண்ணிப் பாட்டலை ஊத்திக் கண்ணாடியைக் கழுவினேன்.